தொண்ணூறு ஊசியும் ஒரு ரகசியமும்

3-11-1958

அபின் கடை நாள். மாதத்தில் இந்த ஒரு நாள்தான் நான் நேரத்துக்கு எழுந்து குளிக்கிறேன் என்று சீதை சொல்கிறாள். பெண்டாட்டி சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம். இதில் தள்ள ஒன்றும் இல்லை.

கியூவில் பதினேழு பேர். எல்லோரும் சர்க்கார் முத்திரை குத்திய கார்டு வைத்திருக்கும் கௌரவமான அடிமைகள். என் கார்டில்: பெயர் உடையப்பன், வயது 47, தொழில் அச்சாபீஸில் புரூப் பார்த்தல். 'ஹாஸ்ய எழுத்தாளர்' என்று போடச் சொல்லியிருந்தேன். "அதெல்லாம் தொழில்ல சேராதுங்க" என்றார் குமாஸ்தா. என் எழுத்தைப் படித்தவர் போலிருக்கிறது.

அளவைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். வருகிற மார்ச் 31-ஓடு கடையே மூடல். அளவு குறையக் குறைய ஒரு வேடிக்கை, கியூவில் இருமல் ஏறுகிறது. முன்பெல்லாம் கோயில் சிலை மாதிரி நிற்போம். இன்று ஒன்பது பேர் இருமினோம். எனக்கு முன்னால் நின்றவர் மீரா சாகிபு, கோட்டைப்பட்டினத்துக் கருவாட்டு வியாபாரி, பத்து வருஷக் கியூ சிநேகம். அவர் ஆரம்பித்தால் நான் முடித்தேன்.

"என்ன செட்டியாரே, எனக்கு எசப்பாட்டுப் பாடுறீங்களா?"

"ஒங்க மேல அடிக்கிற கருவாட்டு வாடைக்கு வேற என்ன பாடுறது, பாய்?"

கடைக்காரர் எங்கள் இருவரையும் கியூவின் கடைசிக்கு அனுப்பிவிட்டார்.

19-11-1958

கார்டைப் புதுப்பிக்க டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். பழைய டாக்டர் தலை நிமிராமல் கையெழுத்துப் போடுவார். நான் செத்த பிறகு போயிருந்தாலும் போட்டிருப்பார். இந்த வருஷம் புதியவர், பிச்சைமுத்து என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். சிரித்தால் உடம்புக்கு ஆகாது என்று யாரோ சொல்லி வளர்த்த முகம்.

வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, சர்ட்டிபிகேட்டுக்கு வரிசையில் நின்ற நாங்கள் இருமுவதைக் கேட்டார். கச்சேரி ரசிகர் போலிருக்கிறதே என்று நான் தொடையில் தாளம் போட்டேன். கண்ணைத் திறந்து, "நீங்க, நீங்க, அங்கிட்டு சுவரோரம் நிக்கிறவர், அப்புறம் இந்தத் தாளம் போடுறவர். எக்ஸ்ரே எடுக்கணும்" என்றார்.

"நான் தாளம்தானே போட்டேன்?"

"நடுவுல இருமுனீங்க."

2-12-1958

டி.பி. எனக்கு இடது நுரையீரல் உச்சியில் ஓட்டை. பாய்க்கு வலது. "ரெண்டு பேரையும் சேத்துத் தச்சா ஒரு நல்ல ஆளு தேறுவான் டாக்டர்" என்றார் பாய். டாக்டர் சிரிக்கவில்லை.

எத்தனை வருஷமாக இருக்கிறதோ! அபின் இருமலைத் தாலாட்டித் தூங்கவைத்திருக்கிறது. அளவு குறைந்ததும் அது எழுந்து உட்கார்ந்துகொண்டது.

1942-ல் பர்மாவிலிருந்து நடந்து வந்தபோது வயிற்றுப்போக்கில் சாகக் கிடந்தேன். காட்டில் முகம் தெரியாத ஒருவர் மிளகளவு அபினை என் வாயில் போட்டார். வயிறு நின்றது. அபின் நிற்கவில்லை. பதினாறு வருஷம்.

சீதையிடம் சொன்னேன். என் தட்டைத் தனியாக எடுத்து வைத்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். பிறகு, "பகல்ல அழுதா பக்கத்து வீட்டுல கேப்பாக" என்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள்.

27-12-1958

நானும் பாயும் மூன்று வாரமாக ஊர் சுற்றிவிட்டோம். நெஞ்சு பார்க்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், "அபின்காரர்களைச் சேர்ப்பதில்லை. அதை விட்டுவிட்டு வாருங்கள்" என்றார்கள். அதை விடவைக்கிற வேறோர் இடத்துக்குப் போனால், "டி.பி.யோடு சேர்ப்பதில்லை. நெஞ்சைக் குணப்படுத்திக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். இவர் கதவைத் தட்டினால் அவர் வீட்டுக்கு வழி சொல்கிறார், அவர் கதவைத் தட்டினால் இவர் வீட்டுக்கு. நடுவில் பஸ்காரனுக்கு மட்டும் எங்களால் லாபம்.

பிச்சைமுத்துவிடம் வந்து நின்றோம். "ஒரு ஆளுக்கு ரெண்டு நோவு. ஆளைப் பாதியா வெட்டியா ரெண்டு இடத்துக்கு அனுப்ப முடியும்?" என்றார். திருவரங்குளம் போகிற சாலையில் தகரக்கூரை போட்ட பன்னிரண்டு கட்டில் வார்டு ஒன்று அவர் பொறுப்பில் இருக்கிறதாம். ரெண்டையும் ஒரே இடத்தில், ஒரே தட்டில் பார்ப்பாராம்.

ஆளைப் பாதியாக வெட்டுவது பற்றி நான் ஒரு வேடிக்கை சொன்னேன். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

12-1-1959 (1-ஆம் ஊசி)

வந்து சேர்ந்தாயிற்று. எனக்கு ஐந்தாம் கட்டில், பாய்க்கு ஆறு. ஜன்னல்களை மூடவே கூடாதாம். தை மாதப் பனி நேராக என் காதுக்குள் குடிவருகிறது.

டாக்டரின் சட்டம் சுருக்கம். தினம் ஒரு ஊசி, தொண்ணூறு நாள். ஒரு நாளும் தவறக் கூடாது. பாதியில் விட்டால் உள்ளே இருக்கும் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அடுத்த தடவை அதே ஊசி வெறும் தண்ணீர். அனுமதியில்லாமல் கேட்டைத் தாண்டினால் கட்டில் போச்சு.

காலையில் கம்பவுண்டர் திருப்பதி ஒரு தட்டோடு வருகிறார். முதலில் ஊசி. அடுத்தது குதிரைக்குக் கொடுக்கிற அளவில் மாத்திரைகள். கடைசியாக அவுன்ஸ் கிளாசில் ஒரு பழுப்புக் கலவை, அதில்தான் அபின், சொட்டுக் கணக்கில். மாத்திரையை முழுங்காதவனுக்குக் கலவை கிடையாது. பொல்லாத மூளை.

கலவையில் வேண்டுமென்றே வேப்பெண்ணெய்க்கு அண்ணன் மாதிரி ஒரு கசப்பைக் கலக்கிறார்கள். எத்தனை சொட்டு என்று எங்களுக்குத் தெரியக் கூடாதாம். தெரியாமலிருக்க நான் என்ன சின்னப் பிள்ளையா? பதினாறு வருஷப் பயிற்சி. என் நாக்கு தங்கம் நிறுக்கிற தராசு.

"இருபது சொட்டு" என்றேன். திருப்பதி அசந்துபோய்விட்டார். சரியாம்.

19-1-1959 (8)

கொட்டாவி. மூக்கில் ஜலம். உடம்பெல்லாம் கோழித்தோல். நானும் பாயும் கொட்டாவியில் போட்டி வைத்தோம். ஒரு மணி நேரத்தில் நான் நாற்பத்தொன்று, அவர் முப்பத்தெட்டு. அவருக்குப் பல் செட். அகலமாகத் திறந்தால் கீழ்வரிசை விழுந்துவிடும். அதனால் தன் கொட்டாவி ஒவ்வொன்றையும் ஒன்றரையாகக் கணக்கிட வேண்டும் என்று சண்டை போட்டார்.

20-1-1959 (9)

முடியவில்லை. கால் எலும்புக்குள்ளே எறும்பு ஊருது. ஓடிரலாமா? ஓடி எங்கெ போறது?

டாக்டர் வந்து அரை மணி நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். போகும்போது இரண்டு சொட்டு கூட்டச் சொன்னார். "குறைக்கிறதுக்கு அவசரம் இல்லை. ஊசிக்குத்தான் அவசரம்" என்றார்.

1-2-1959 (21)

தேவலை. பாய் சாயங்காலம் தோறும் ஒரு நோட்டில் எழுதுகிறார். எட்டிப் பார்த்தேன். பாஷை தமிழாம், எழுத்து மட்டும் அரபி எழுத்து. அவர்கள் பக்கத்தில் அப்படி எழுதுவது வழக்கம். எழுத்து வலமிருந்து இடமாக ஓடுகிறது. புரூப் பார்க்கிற எனக்கே ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன பாய் எழுதுறீங்க?"

"ஒங்களைப் பத்தி அவதூறு."

"பொய் சொல்லாதீங்க."

"நிசமாத்தான். ஒங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்கிற தைரியம்."

ஊர்க்கதை முழுவதையும் நான் வைத்திருக்க, இவர் ஒருவர் எனக்குத் தெரியாமல் எழுதுவதா! வயிறு எரிகிறது. மாத்திரையாலும் இருக்கலாம்.

9-2-1959 (29)

நாலாம் கட்டில் ராக்கன் ஊசியைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஆலங்குடிப் பக்கம் முந்திரிக் காட்டுக்குக் காவல்காரன். முப்பது வயது, கல் மாதிரி இருப்பான். எங்களுக்கு இரண்டு நாள் முன்னால் சேர்ந்தவன். எடை ஐந்து ராத்தல் ஏறியதும், "எனக்கு நல்லாப் போச்சுண்ணே. கலவையில சொட்டு ரொம்பக் கொறைஞ்சிருச்சு. கடை இருக்கிற வரைக்கும் அனுபவிச்சுட்டு வாரேன்" என்று என்னிடம்தான் சொன்னான். சிரித்துக்கொண்டே கையசைத்தான். நானும் ஏதோ வேடிக்கை சொல்லி அனுப்பினேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லியிருக்கலாம்.

5-3-1959 (53)

இதை எங்கேயாவது கொட்டாவிட்டால் என் தலை வெடிக்கும்.

ஊசி போட்டுக்கொண்டிருந்த திருப்பதி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். "அண்ணே, யாருகிட்டயும் சொல்லிராதீங்க. பாய்க்குப் போன வெள்ளிக்கிழமையோட அபின் நின்னுபோச்சு. இப்பக் குடிக்கிறது வெறும் கசப்பும் சீனிப்பாகும்தான். அவருக்குத் தெரிஞ்சுது, ஏமாத்திட்டாகன்னு அன்னைக்கே வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுப் போயிருவாரு. ஐயையோ, நாக்குத் தவறிச் சொல்லிட்டேனே!"

யாரிடம்! புதுக்கோட்டையில் எவன் வீட்டுச் சமையலறையில் என்ன கருகினாலும் அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற உடையப்பனிடம்!

சொன்னால் பாய் போவார். போனால் மீதி முப்பத்தேழு ஊசி போச்சு, அவரும் போச்சு. சொல்ல மாட்டேன். என் நாற்பத்தேழு வருஷத்தில் முதல் ரகசியம்.

எனக்குப் பிறகு திருப்பதி பாயை எடை பார்க்க உள்ளே கூட்டிப்போனார். திரும்பி வந்த பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மீன் முள்ளை முழுங்கின முகம். பாவம், வெறும் சீனிப்பாகு எவ்வளவு நாள் தாங்கும்?

8-3-1959 (56)

சிரிப்பை அடக்க முடியவில்லை. பாய் இன்று வெறும் கசப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து கண்ணைச் சொருகி, "சுபுஹானல்லா! இன்னைக்குக் கலவை நல்லாப் பிடிக்குது செட்டியாரே" என்றார். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். மனித மனதின் பேதைமை பற்றி ஒரு கட்டுரை எழுதலாம்.

என் கலவை உண்மையாகவே நன்றாக இருந்தது. எட்டு சொட்டு இருக்கும். உச்சந்தலையில் மெல்ல ஒரு கதகதப்பு.

பாய் இப்போதெல்லாம் என்னிடம் பிரியமாக இருக்கிறார். "தூங்கினீங்களா செட்டியாரே? கால் குடைச்சல் இருக்கா? எதுவானாலும் ஓடிகீடிப் போயிராதீங்க" என்று தினம் விசாரிக்கிறார். தண்ணீர் குடிக்கிறவனுக்கு இரக்கம் அதிகம் போலிருக்கிறது.

11-3-1959 (59)

பாய்க்கு நோன்பு மாதம் ஆரம்பம். நோயாளி பிடிக்க வேண்டாம், பிறகு சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லி அனுப்பிவிட்டார். பாய்க்கு மனசு ஆறவில்லை. அவர் வீட்டம்மா சாரா உம்மாள் கோட்டைப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். எனக்கும் ஒரு தூக்குச்சட்டி. "அண்ணே, இவுகளைக் கொஞ்சம் பாத்துக்கங்க. கோவத்துல கெளம்பிருவாக" என்றாள்.

"நான் இருக்கேன் தங்கச்சி" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி.

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சீதை உட்கார்ந்திருந்தாள். சாரா உம்மாள் அவளிடமும் போய் ஏதோ குசுகுசுவென்று பேசினாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

12-3-1959 (60)

ராக்கனை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். அடையாளம் தெரியவில்லை. ஒரு வாரமாக ரத்தமாம். பழைய நாலாம் கட்டிலிலேயே போட்டார்கள். டாக்டர் அங்கேயே நாற்காலி போட்டுக்கொண்டார்.

18-3-1959 (66)

நாலாம் கட்டில் மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறார்கள்.

19-3-1959 (67)

ஊசி மருந்து அவனைத் தொடவே இல்லை என்று டாக்டர் சொன்னார். அவர் குரல் உடைந்து நான் இதற்கு முன் கேட்டதில்லை. தட்டு வந்ததும் பாயும் நானும் மாத்திரைகளைக் கேட்காமலே முழுங்கினோம்.

24-3-1959 (72)

இனி என்ன நடந்தாலும் பாயை விடப்போவதில்லை. ஒருவனை வேடிக்கை சொல்லி அனுப்பினது போதும்.

30-3-1959 (78)

நாளை கடையின் கடைசி நாள். அப்புறம் எந்தக் கார்டுக்கும் எதுவும் கிடையாது. வார்டு முழுக்க இதே பேச்சு.

"ஒரு நடை போயிட்டு ஒரு மணி நேரத்துல வந்துரலாம்" என்றார் பாய்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு மாதத்துக்கு மேல் வெறும் தண்ணீரில் நல்லாயிருக்கிற மனுஷன், தெரியாமல் போய் வாயில் போட்டால் எல்லாம் பாழ்.

என் கதை வேறு. உண்மையை எழுதுகிறேன், இது என் நோட்டுதானே. எனக்குப் போக வேண்டும். என் கலவையில் இன்னும் ஏழு சொட்டு இருக்கிறது, நாக்கு சொல்கிறது. அது நாளை மறுநாள் ஐந்தாகும், மூன்றாகும். அப்புறம்? ஒரு மாதக் கோட்டாவை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தால் ஒரு தைரியம். சாப்பிடவா போகிறேன்? சும்மா வைத்திருக்க.

இப்படித்தானே ராக்கனும் சொல்லிவிட்டுப் போனான்.

31-3-1959 (79)

நடந்தது நடந்தபடி.

திட்டம் இது: பாயைப் போகவிடாமல் கட்டிப்போட்டுவிட்டு நான் மட்டும் போய் வருவது. விடியற்காலையில் அவர் தம்ளரிலிருந்து பல் செட்டை எடுத்தேன். பல் இல்லாமல் பாய் தெருவில் இறங்க மாட்டார். சபையில் பேசுகிற வியாபாரி. எங்கே ஒளிப்பது? சாயங்காலம்தான் வேலைக்கு வரும் ஆயா பிச்சையம்மாளின் வெற்றிலைப் பெட்டி மேஜையில் இருந்தது. உள்ளே போட்டு மூடினேன்.

ஊசி ஆயிற்று. வேட்டி மாற்ற என் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வேட்டியைக் காணோம், சட்டையையும் காணோம்! மேலே இருப்பது ஆஸ்பத்திரிக் கோடு போட்ட நிஜார் ஒன்றுதான்.

"யாருடா எடுத்தது?" என்று நான் கத்த, "எம் பல்லு எங்கெ?" என்று ஆறாம் கட்டில் கத்த, வார்டே எழுந்து உட்கார்ந்தது. பல் இல்லாமல் பாய் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியை எழுத முடியாது.

"நிஜாரோடயே போறேன்" என்றேன்.

"போங்க, போங்க. ஜெயில்ல இருந்து தப்பிச்சு வந்தவன்னு முச்சந்தியிலேயே பிடிச்சுக்குவாக."

"நீங்க எதுக்கு பாய் அலையணும்? நான் ரெண்டு பேருக்கும் வாங்கிட்டு வாரேன்."

"நீங்க எதுக்கு? நான் வாங்கிட்டு வாரேன். நீங்க படுங்க."

"ஒங்களுக்கு நெஞ்சு சரியில்லை."

"ஒங்களுக்கு மட்டும் புதுசாக் கட்டியா மாட்டியிருக்கு?"

"சொன்னாக் கேளுங்க. ஒங்களுக்கு அது வேண்டாம்."

"எனக்கா வேண்டாம்? ஒங்களுக்குத்தான் வேண்டாம்!"

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது. கஞ்சி வந்தது, பேச்சு நிற்கவில்லை. அவர் எழுந்தால் நான் வாசலை மறித்தேன், நான் எழுந்தால் அவர் மறித்தார். கக்கூசுக்குக்கூட ஒருவரை ஒருவர் கொண்டுபோய் விட்டோம். டாக்டர் இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்தார். எங்களைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போனார். கேட்டுக்குப் பூட்டுகூடப் போடச் சொல்லவில்லை. என்ன டாக்டர்!

சாயங்காலம் ஐந்தரைக்குத் திருப்பதி சைக்கிளில் வந்து இறங்கினார். "கடையைப் பூட்டி அரக்கு முத்திரை வச்சுட்டாக" என்றார்.

நானும் பாயும் பின்பக்கப் படியில் உட்கார்ந்திருந்தோம். ஊரில் யாரோ வேண்டியவர் போய்விட்ட மாதிரி இருந்தது.

அப்போது உள்ளே பிச்சையம்மாள் அலறினாள். "ஐயோ, எம் பொட்டி என்னையப் பாத்துச் சிரிக்குது! ஆத்தாடி, பல்லு! பல்லு!" வெற்றிலைப் பாக்கெல்லாம் பறக்கப் பின்வாசலுக்கு ஓடிவந்தாள். பின்னாலேயே திருப்பதி பல் செட்டை இடுக்கியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் பொக்கை வாயைத் திறந்து சிரிக்க ஆரம்பித்தார். நானும். கண்ணில் நீர் வழிய, படியில் உருண்டு சிரித்தோம். இவ்வளவு சிரித்தால் இருமல் வந்து பிடுங்குமே என்று நடுவில் ஒரு நிமிஷம் நிறுத்திக் காத்திருந்தோம்.

வரவில்லை.

1-4-1959 (80)

என் வேட்டியும் சட்டையும் கூரைத் தகரத்துக்கும் உத்திரத்துக்கும் நடுவில் கிடந்தன. "கொரங்கு எடுத்துட்டுப் போயிருக்கும்" என்றார் பாய். இந்தப் பக்கம் குரங்கு உண்டுதான்.

கலவையில் ஆறு சொட்டு.

10-4-1959 (89)

பெருநாள். சாரா உம்மாள் ஒரு பெரிய அடுக்குச் சட்டியில் பிரியாணி கொண்டுவந்தாள். பன்னிரண்டு கட்டிலுக்கும் பங்கு. நான் கறி தின்னாத வீட்டில் பிறந்தவன், எனக்குத் தனியாக இனிப்புக் கஞ்சி. டாக்டருக்கும் ஒரு தட்டு. அவர் உப்புச் சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அவரைச் சிரிக்கவைக்க நான் செய்த எண்பத்தொன்பதாவது முயற்சியும் தோல்வி.

11-4-1959 (90)

கடைசி ஊசி. திருப்பதி பஞ்சை ஒற்றியெடுத்த பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தேன். தினம் காலையில் ஒருவர் வந்து குத்துவதற்குக்கூட மனுஷன் பழகிவிடுகிறான்.

மூட்டை கட்டினோம். பாயின் நோட்டு கட்டில்மேல் கிடந்தது. "போறதுக்கு முந்தி அந்த அவதூறைப் படிச்சுக் காட்டுங்க" என்றேன். "அதெல்லாம் வேணாம்" என்று வெட்கப்பட்டார். சாரா உம்மாள் வெடுக்கென்று எடுத்துப் பிரித்து, எழுத்துக் கூட்டாமல் சரளமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"மார்ச் அஞ்சு. கம்பவுண்டர் எடை பாக்கும்போது நாக்குத் தவறிச் சொல்லிட்டாரு. செட்டியாருக்கு ஒண்ணாந் தேதியில இருந்து அபின் இல்லை. வெறும் கசப்பும் சீனிப்பாகும். தெரிஞ்சா மனுசன் ஓடிருவாரு. சொல்லக் கூடாது. யா ரப்பே, இந்த வாயை நீதான் கட்டணும்."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"மார்ச் எட்டு. செட்டியாரு வெறுந் தண்ணியைக் குடிச்சுட்டு உச்சந்தலையில கதகதப்புங்கிறாரு. சிரிப்பை அடக்க முடியலை. போர்வைக்குள்ள போய்ப் பாத்தா அவரும் போர்வைக்குள்ள இருக்காரு."

"மார்ச் பதினொண்ணு. அவுக வீட்டு ஆச்சிகிட்ட விசயத்தைச் சொல்லிவைக்கச் சொன்னேன். ஆச்சி, 'சொல்ல வேண்டாம், அப்படியே இருக்கட்டும்'னாக."

"மார்ச் முப்பத்தொண்ணு. வேட்டி சட்டையைக் கூரையில சொருகிட்டேன். அல்லா மன்னிக்கணும். எனக்கு மட்டும் ஓடிப் போயி வாங்கிட்டு வந்துரலாம்னு பாத்தா, பல்லைக் காணோம்."

வார்டே சிரித்தது. நான் பாயிடம், "ஒங்களுக்குப் பிப்ரவரியிலேயே நின்னுபோச்சு பாய்" என்றேன். அவர் வாய் திறந்தபடி நின்றது. பல் செட் மெல்ல இறங்கியது.

"அப்ப... ஒங்களுக்கும் தெரியுமா?"

"எனக்கு மட்டும் காது இல்லையா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திருப்பதி பக்கம் திரும்பினோம். "நாக்குத் தவறிச் சொன்னீங்களே, எத்தனை பேருகிட்டய்யா தவறுனீங்க?"

"நான் முப்பது வருசம் கம்பவுண்டருண்ணே. எனக்கு நாக்குத் தவறுமா? எழுதிக் கொடுத்ததைத்தான் செஞ்சேன்." இரண்டு கேஸ் ஷீட்டையும் எடுத்து நீட்டினார்.

மார்ச் 5. டாக்டர் பிச்சைமுத்துவின் கையெழுத்து. ஊசி ஒன்று. மாத்திரை வழக்கம்போல். கலவை, அபின் இல்லாமல். அதன் கீழே நாலாவது மருந்தாக, என் ஷீட்டிலும் பாய் ஷீட்டிலும் ஒரே வரி: 'பக்கத்துக் கட்டில்காரரிடம் நாக்குத் தவறிச் சொல்லவும். ஒரு முறை போதும்.'

டாக்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்களை இப்படி ஏமாத்தலாமா டாக்டர்?" என்றேன். கோபமாகத்தான் கேட்க நினைத்தேன்.

"ஏமாத்தினதுதான். தப்புன்னா என்னைத் திட்டுங்க" என்றார். "அவனவன் நெஞ்சை அவனவன் பாத்துக்குவான்னு ராக்கனை நம்பினேன். ஒங்க ரெண்டு பேரையும் அப்படி நம்ப முடியலை. அடுத்தவங்க விசயம்னா மட்டும் நீங்க ரெண்டு பேரும் கண்ணை மூட மாட்டீங்க. அதை மருந்துல சேத்தேன்."

முகத்தில் ஒரு அசைவு இல்லை. தொண்ணூறு நாளாக இந்த மனுஷனுக்கு ஹாஸ்யம் தெரியாது என்று எழுதிக்கொண்டிருந்தேன்!

12-4-1959

வீடு. சீதை என் தட்டைத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஒனக்கும் தெரியுமாமே?" என்றேன். "அபின் இல்லாம நல்லா இருந்தீங்க. அந்த அதிசயத்தை நான் எதுக்குக் கெடுக்கணும்?" என்றாள்.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். எட்டு சொட்டு, ஏழு சொட்டு, ஆறு சொட்டு! தங்கத் தராசு! கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். யாராவது என்னைப் பெரிய புத்திசாலி என்று சொன்னால் எடுத்துக் காட்டலாம்.

8-11-1960

எக்ஸ்ரே. ஓட்டை இருந்த இடத்தில் சின்னதாக ஒரு தழும்பு. பாய்க்கும் அப்படியே. போன வாரம் கடிதம் போட்டிருந்தார், அரபி எழுத்தில். வேண்டுமென்றே. அச்சாபீஸுக்குப் பக்கத்துக் கடை ரஹ்மத் நிஷாவிடம் கொடுத்துப் படித்துக்கொண்டேன். முதல் வரி, 'இதையும் ஊரெல்லாம் சொல்லிராதீங்க.'

செவ்வாயும் சனியும் புரூப் வேலையை மத்தியானத்துக்குத் தள்ளி வைத்துவிட்டுக் காலையில் வார்டுக்குப் போகிறேன். டாக்டர் கூப்பிட்டிருக்கிறார், சம்பளமில்லாத உத்தியோகம். இன்று வேடிக்கை ஒன்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு சீட்டை மட்டும் நீட்டினார்.

நாலாம் கட்டிலுக்கு ஆலங்குடியிலிருந்து ஒரு வண்டிக்காரர் வந்திருக்கிறார், நாற்பத்திரண்டாம் ஊசி. மூன்றாம் கட்டில்காரரைப் பற்றி, காலை ஒன்பது மணிக்கு, சீட்டில் கண்டபடி, வண்டிக்காரரிடம் நாக்குத் தவறினேன்.